தைக்கக் கூடாத கால்சட்டை

அவரைக் குச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மரம் வெட்டுகிற ஆளுக்குக் குச்சி என்று பெயர் வைத்தவன் யாரோ, அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். வயது நாற்பத்தாறு. இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். சாப்பாட்டில் குறை வைக்கிற ஆளில்லை, மூன்று வேளையும் தட்டை வழித்துத்தான் எழுந்திருப்பார். தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது.

கடையில் வாங்கிய எந்தக் கால்சட்டையும் அவர் இடுப்பில் நின்றதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கயிறு கட்டிக்கொண்டு திரிந்தவர், ஒருநாள் துணிந்து ஒரு தையல் கடைக்குள் நுழைந்தார். மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது இடுப்பா, மணிக்கட்டா?" என்று கேட்டாள். அந்த வாரமே இன்னும் மூன்று கால்சட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாவது அவருடையதே இல்லை, அவர் தம்பியுடையது. அதையும் அவர் அளவுக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். தம்பி சண்டைக்கு வந்தான். இவருக்கு அதெல்லாம் காதில் விழுகிற நிலைமை இல்லை. அந்த வருஷமே கல்யாணம் முடிந்தது.

அன்று முதல் அவர் உடம்பில் ஏறும் எந்தத் துணியும் அவள் கை படாமல் ஏறியதில்லை. புதுத்துணி வந்ததும் முதல் காரியமாக உள்ளே தைத்திருக்கும் கம்பெனிப் பட்டையைக் கத்தரித்துவிடுவாள். அந்தப் பட்டை உரசினால் அவருக்கு இடுப்பெல்லாம் சிவந்து தடித்துவிடும். இதை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

குச்சி வேலை பார்த்தது ஆறு பேர் கொண்ட ஒரு சின்ன மரம் வெட்டும் கம்பெனியில். மின்கம்பியை உரசும் கிளை, கூரைமேல் சாய்ந்த மரம், வேர் அழுகிப் பள்ளிச் சுவரை மிரட்டும் மரம், எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தரையில் ஒரு முளையை ஊன்றிவிட்டு, சங்கிலி ரம்பத்தால் மரத்தை அறுத்து, சரியாக அந்த முளையின் தலையில் விழவைத்து மண்ணுக்குள் இறக்குவார். இருபத்தோரு வருஷத்தில் அவர் உடம்பில் இருந்த ஒரே தழும்பு, சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது பட்டது. இதில் பாதி கெட்டிக்காரத்தனம், பாதி குருட்டு அதிர்ஷ்டம். அவர் முழுவதையும் கெட்டிக்காரத்தனத்தின் பேரிலேயே எழுதி வைத்திருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் பெரிய ஆஸ்பத்திரி வளாகத்து மரங்களைப் பராமரிக்கும் வேலை கம்பெனிக்குக் கிடைத்தது. இரண்டு வருஷ வேலை. கூடவே ஒரு நிபந்தனை. ரம்பத்தைத் தொடுகிற ஒவ்வொருவரிடமும், முறையாகப் பயிற்சி எடுத்துத் தேர்வில் தேறியதற்கு அத்தாட்சியாக, படம் ஒட்டிய அட்டை இருக்க வேண்டும். அட்டை இல்லாத கை ரம்பத்தைத் தொடக் கூடாது.

"எனக்கு எதுக்குங்க பயிற்சி? இருபத்தோரு வருஷமா அறுக்குறேன். வெட்டின மரமெல்லாம் சாட்சி," என்றார் குச்சி.

"வெட்டின மரம் வந்து சாட்சி சொல்லாதுப்பா. அட்டைதான் சொல்லும்," என்றார் முதலாளி.

இதைவிடப் பெரிய எரிச்சல் மச்சினன். அவர் மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் ஆறு வருஷமாகக் கிளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன், போன மாதமே முதல் அணியோடு போய்ப் பயிற்சி எடுத்து அட்டை வாங்கிவிட்டான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் சாப்பிடுவான். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வேலை ஆரம்பம். அதற்குள் குச்சிக்கு அட்டை வராவிட்டால் மச்சினன் மரம் அறுப்பான், குச்சி பின்னால் நின்று கிளை பொறுக்க வேண்டும்.

"கவலைப்படாதீங்க மாமா. கிளையை எப்படி இழுக்கணும்னு நான் பக்குவமா சொல்லித் தர்றேன்," என்றான் மச்சினன்.

குச்சிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வேளையும் தட்டை வழிக்கிற ஆளுக்கு இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கென்று கம்பெனியில் எல்லோருக்கும் ரம்பக் கால்சட்டை கொடுத்தார்கள். முன்பக்கம் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உள்ளே திண்டு வைத்துத் தைத்த கனமான கால்சட்டை. இருப்பதிலேயே சின்ன அளவைத்தான் குச்சிக்குக் கொடுத்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தார். அவர் திரும்பினார், கால்சட்டை திரும்பவில்லை. மனைவி தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது.

"ஏங்க, இவ்வளவு தொளதொளன்னு இருந்தா ரம்பம் துணியைப் பிடிச்சு இழுக்காதா?"

"இழுக்கத்தான் செய்யும்."

"கழட்டுங்க."

மேசைமேல் விரித்துப் போட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். தொடைப் பக்கம் அழுத்தினால் உள்ளே ஏதோ நழுவியது. "பாருங்க, உள்ளே பஞ்சு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. எவன் தைச்சானோ, சோம்பேறி! குறுக்கே ஒரு ஓட்டுத் தையல்கூடப் போடல. நாலு தடவை துவைச்சா எல்லாம் கீழே போய்ச் சேர்ந்துடும்," என்றாள். மெத்தை தைத்த எந்தக் கையும் அப்படித்தான் நினைக்கும். பஞ்சு நழுவினால் தைத்து நிறுத்த வேண்டும், தொழிலின் முதல் பாடமே அதுதான்.

இடுப்பைப் பிடித்தாள், தொடையைப் பிடித்தாள். பிறகு அதே நிறத்தில் நூல் எடுத்து, ஒவ்வொரு காலிலும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஐந்து வரிசை பொடித்தையல் ஓட்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் தெரியாத தையல். உள்ளே எட்டு மொழியில் என்னவோ எழுதிய அகலப் பட்டை ஒன்று இருந்தது. எட்டில் ஒன்றுகூட அவளுக்குத் தெரிந்த மொழி இல்லை. வழக்கம்போலக் கத்தரித்துத் துண்டுத்துணி டப்பாவில் போட்டாள்.

போட்டுப் பார்த்தார். பிறந்ததிலிருந்து போட்டிருந்ததுபோல உட்கார்ந்தது. இரண்டு தடவை சுற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் எனக்கு நிம்மதி," என்றாள்.

புதன், வியாழன் பயிற்சி, வெள்ளிக்கிழமை தேர்வு. பயிற்சி கொடுக்க வந்தது முப்பது வயதுகூடத் தாண்டியிராத ஒரு பெண். இந்தப் பிள்ளையா நமக்குச் சொல்லித் தரப்போகிறது என்று குச்சி மீசைக்குள் சிரித்துக்கொண்டார். முதல் பத்து நிமிஷத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அண்ணா, ரம்பத்தை ஸ்டார்ட் பண்ணுங்க," என்றாள்.

இருபத்தோரு வருஷமாகச் செய்வதையே செய்தார். இடது கையில் ரம்பத்தைத் தொங்கவிட்டு, வலது கையால் கயிற்றை ஒரு இழு. காற்றிலேயே உறுமியது. பெண் விசிலை ஊதினாள்.

"இது தேர்வா இருந்தா நீங்க இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கணும். அப்படித் தொங்கவிட்டு இழுக்கும்போது ரம்பம் எங்கே ஆடும்னு உங்க கையில இல்ல. தரையில வைங்க. பிடிக்குள்ள காலை வைங்க. பிரேக் போடுங்க. அப்புறம் இழுங்க."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பிற்பகலுக்குள் இன்னும் நாலு தடவை விசில் வாங்கினார். ரம்பத்தோடு இரண்டடி எடுத்து வைத்தால்கூட செயின் பிரேக் போட வேண்டும். பிளேடின் முனையில் எதுவும் படக் கூடாது, பட்டால் கண் சிமிட்டுவதற்குள் முகத்துக்குத் திரும்பி அடிக்கும். இதெல்லாம் அவர் கைக்கு அரைகுறையாகத் தெரிந்ததுதான். ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும், சொன்னால் நம்பமாட்டீர்கள், அவருக்கு அந்த வகுப்பு பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்குப் போய் இஸ்திரிப் பெட்டியை ரம்பமாகப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்து பழகினார். மூன்றாவது அடிக்கு அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்.

"பிரேக்!"

வியாழன் பிற்பகல், பயிற்சிக்காரப் பெண் ஒரு பழைய ரம்பக் கால்சட்டையை மரக்கட்டையில் மாட்டினாள். ரம்பத்தை ஓடவிட்டுத் தொடைப் பகுதியில் வைத்தாள். மேல்துணி கிழிந்த அந்த நொடியே உள்ளேயிருந்து வெள்ளை நூல் கொத்துக் கொத்தாகக் கிளம்பிப் பற்களில் சிக்கி, செயின் அப்படியே நின்றுவிட்டது. கட்டையில் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் அடேயப்பா என்றார்கள்.

"உள்ளே இருக்கிற நூல் எதுலயும் ஒட்டாம நழுவிக்கிட்டே இருக்கணும். அதான் இதுல விசேஷம். இழுத்த உடனே வெளியே வந்தாத்தான் செயினை நிறுத்தும். இந்த நூல் மேல தையல் ஓடிச்சுன்னா நூல் வராது, நின்ன இடத்துலயே அறுந்துடும். அப்புறம் இது வெறும் துணிதான்," என்றாள்.

குச்சி மெதுவாகத் தன் நோட்டை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குத் தேர்வுக்கு முன்னால எல்லாரோட உடையையும் பார்ப்பேன். குறை இருந்தா தேர்வு கிடையாது. அடுத்த தேர்வு ரெண்டு மாசம் கழிச்சுத்தான்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு இரண்டு பயம். அட்டை போய்விடுமோ என்பது ஒன்று. அவளிடம் எப்படிச் சொல்வது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. அவள் தையலை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை, சொல்லும்படி அவள் வைத்ததும் இல்லை.

சாயங்காலம் அவள் அடுக்களையில் இருக்கும் நேரம் பார்த்து, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மரம் அறுத்த கைக்கு அந்தக் கத்தி பிடிபடவில்லை. மூன்று தையல் பிரிப்பதற்குள் வாசலில் அவள் நின்றாள்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு என் கத்தி எதுக்கு?" பிறகுதான் மடியில் கிடந்த கால்சட்டையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "தையல் பிடிக்கலையா?"

"ஐயோ, அப்படி இல்ல. உன் தையல் ரொம்ப நல்லாயிருக்கு. அதுதான் இப்ப பிரச்சினையே," என்று தொடங்கி, கட்டை, ரம்பம், நழுவும் நூல் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் துண்டுத்துணி டப்பாவைக் கவிழ்த்துத் தேடி அந்தப் பட்டையை எடுத்தாள். எட்டு மொழிக்கும் கீழே, கடைசியில் ஒரு சின்னப் படம். ஊசியும் நூலும், மேலே குறுக்காக ஒரு பெருக்கல் குறி.

"எனக்குப் புரியிற மாதிரிதான் போட்டிருக்கான். நான்தான் பார்க்கல," என்றாள்.

"சரி விடு. பிரிச்சுடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"ஊசி போன இடம் போனதுதாங்க. உள்ளே எத்தனை நூலைக் குத்தி அறுத்திருக்கேனோ. பிரிச்சுட்டா உங்களுக்குத் தெரியாது, அந்த மேடத்துக்கும் தெரியாது. ரம்பத்துக்குத் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "டேய் தம்பி, உன் ரம்பக் கால்சட்டையை எடுத்துக்கிட்டு காலையில பயிற்சி மைதானத்துக்கு வா. எதுக்குன்னு கேட்காதே."

மச்சினனுக்கு இடுப்பு நாற்பது. குச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில், அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "மேடம், இது நான் தைச்சது. அவர் மேல தப்பில்ல. விஷயம் தெரியாம செஞ்சுட்டேன்."

பயிற்சிக்காரப் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கால்சட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். தையலைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் ஆனது.

"அக்கா, நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இவ்வளவு நல்ல தையலை நான் பார்த்ததே இல்ல."

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்க எத்தனை வருஷம் மெஷின் மிதித்திருப்பாள். கேட்கக் கூடாத நேரத்தில் வந்து விழுந்தது.

"இதை இனிமே யாரும் போடக் கூடாது. எல்லாரும் பார்க்கட்டும், அறுத்துக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். மனைவி தலையாட்டினாள்.

கட்டையில் மாட்டினார்கள். ரம்பம் ஓடியது. வைத்ததுதான் தெரியும். நூல் கிளம்பவில்லை, செயின் நிற்கவில்லை, மரத்தூள் பறந்தது. பயிற்சிக்காரப் பெண் சட்டென்று ரம்பத்தை அணைத்து, தலையை ஆட்டிக்கொண்டு விலகினாள்.

மனைவி போய்க் கிழிசலுக்குள் விரலை விட்டாள். விரல் ஈர மரத்தில் போய் முட்டியது. கை பழக்கத்தில் கழுத்து டேப்பை எடுத்து இடுப்பிலிருந்து அளந்தாள். பதினாலு அங்குலம். அந்த இடத்தில் அவருக்கு ஒரு மச்சம் உண்டு. டேப்பைக் கீழே போட்டுவிட்டு அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். குச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார், திரும்ப மாட்டிக்கொண்டார். மச்சினன்கூடத் தலை குனிந்து நின்றான்.

"போதும்மா, காலு என்கிட்டத்தான் இருக்கு," என்றார் கடைசியில். அவள் அழுகையோடு சிரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். பள்ளிச் சீருடைக்கு வாங்கி வைத்திருந்த, நுனியில் கிளிப் உள்ள தோள்பட்டை வார்கள். தம்பியின் கால்சட்டைக்குள் கணவரை இறக்கி, ஊசியைத் தொடாமல், நான்கு வார்களை மாட்டித் தோளில் தூக்கி நிறுத்தினாள். இடுப்பு அவர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. ஆனால் கால் நீளம் சரியாக நின்றது, துணி எங்கும் தொங்கவில்லை. பயிற்சிக்காரப் பெண் குனியச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், படியேறச் சொன்னாள்.

"பார்க்கச் சகிக்கல. ஆனா பத்திரமா இருக்கு. வாங்க அண்ணா."

"மாமா, உள்ளே இன்னும் இடம் இருந்தா நானும் வர்றேன்," என்றான் மச்சினன். அவனுக்கு உயிர் திரும்பிவிட்டது.

தேர்வு. ரம்பத்தைக் கையில் எடுத்ததும் இருபத்தோரு வருஷம் வேலை செய்யத் தொடங்கியது. இடது கை தூக்கிவிட்டது, வலது கை கயிற்றுக்குப் போய்விட்டது. நிமிர்ந்தபோது எதிரே கட்டையில் அந்தக் கிழிந்த கால் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. குச்சி ரம்பத்தைத் தரையில் வைத்தார். பிடிக்குள் காலை வைத்தார், பிரேக்கைப் போட்டார், பிறகு இழுத்தார்.

அதற்குமேல் அவர் ராஜ்யம்தான். நடக்கும்போதெல்லாம் வேலிக்கு வெளியே ஒருத்தி சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள், பிரேக், பிரேக் என்று. கடைசியாகக் கொடுத்த பட்டமரத்தை அறுத்து, கேட்காமலே ஊன்றி வைத்த முளையின் தலையில் சாய்த்தார்.

"மரம் சாய்க்கிறதை நான்தான் உங்ககிட்டக் கத்துக்கணும்," என்று பயிற்சிக்காரப் பெண் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டாள். "ஆனா அண்ணா, ரம்பம் ஒரு சாண் மேலே எழும்பினதை நான் பார்த்தேன். இழுத்திருந்தா அனுப்பியிருப்பேன்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வளாகத்தில் முதல் மரத்தை அறுத்தது குச்சிதான். கம்பெனி வேறு கால்சட்டை கொடுத்தது. அதுவும் தொளதொளதான், வார் போட்டுத்தான் நிற்கிறது. உள்ளே பட்டை அப்படியே இருக்கிறது, நாள் முழுக்க இடுப்பில் உரசுகிறது. உரசட்டும் என்று விட்டுவிட்டார். கழுத்தில் அட்டை தொங்குகிறது. சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை.

அறுபட்ட காலை மனைவி கேட்டு வாங்கிவந்து, கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். போன வாரம் வேறொரு கம்பெனி மரம் வெட்டுகிறவர் ரம்பக் கால்சட்டையோடு வந்தார். "அக்கா, தொடையில கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க."

பிடித்துத் தரமாட்டேன் என்று அவள் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. எழுந்து அந்தக் காலை எடுத்து அவர்முன் நீட்டினாள். "இதுக்குள்ள விரலை விடுங்க."

விட்டார். விரல் அந்தப் பக்கம் வந்தது. "யாரோடதுக்கா?"

"என் வீட்டுக்காரரோடது. நான் பிடிச்சுக் குடுத்தது."

வந்தவர் முகம் வெளிறிவிட்டது. "அடப்பாவமே. கால் போச்சாக்கா?"

அவள் உள்ளே திரும்பி, "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க!" என்று கூப்பிட்டாள். நெஞ்சு வரை ஏறிய கால்சட்டையும், கழுத்தில் அட்டையும், கையில் இரண்டு தேநீர்க் கோப்பையுமாகக் குச்சி வந்து நின்றார்.

"எண்ணிப் பாருங்க. ரெண்டும் இருக்கு," என்றாள். "அதுக்காகத்தான் தைக்க மாட்டேங்குறேன்."